சான்றிதழ் சுவரில், மருந்தாளுநர் எங்கே?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் பார்மசி படிப்பைப் பற்றி இரண்டு விதமான பேச்சு அடிபடும். நீட் எழுத வேண்டாம், மதிப்பெண்ணை வைத்தே கலந்தாய்வில் இடம் வாங்கிவிடலாம், நான்கே வருஷம், கடைசியில் சொந்தமாக ஒரு மெடிக்கல் ஷாப்பாவது வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. பி.பார்ம் முடித்தவர்கள் சொற்பச் சம்பளத்துக்கு அலைகிறார்கள், திரும்பிய பக்கமெல்லாம் பார்மசி கல்லூரி, அதில் போய் விழாதே என்பது இன்னொன்று. டெல்லியிலும் இதே பேச்சுதான், மொழிதான் வேறு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்பும் கேட்க மறக்கும் ஒரு கேள்வி உண்டு. ஆலையில் தயாராவது முதல் நோயாளியின் கைக்கு வந்து சேர்வது வரை, பார்மசி படித்தவர் நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் இடங்கள் எத்தனை? அவற்றில் மெய்யாகவே ஆள் நிற்கும் இடங்கள் எத்தனை? படித்தவனுக்கு வேலை இல்லை என்ற புலம்பலும், மருந்தே குழந்தைகளைக் கொன்றது என்ற செய்தியும் இந்த ஒரே வெற்றிடத்திலிருந்து வருகின்றன. பார்மசி படிப்பின் எதிர்காலத்தைக் கல்லூரிக் கட்டடங்களை வைத்து அளக்கிறோம். அதை இந்த வெற்றிடத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இதை ஆராய டெல்லியை விடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை. நாட்டின் பார்மசி படிப்புக்குப் பாடத்திட்டம் வகுத்துக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியா இங்கே இருக்கிறது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைமையகம் கோட்லா சாலையில். இந்திய மருந்துகளின் தர அளவுகளை வகுக்கும் பார்மகோபியா ஆணையம் பக்கத்துக் காஸியாபாத்தில். படிப்பு என்று பார்த்தால், 1964-இல் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் இன்று புஷ்ப் விஹாரில் பார்மசிக்கென்றே அமைந்த மாநிலப் பல்கலைக்கழகமாக, டிபிஎஸ்ஆர்யு என்ற பெயரில் நடக்கிறது. யுனானி மருந்துக்குப் பெயர்போன ஹம்தர்த் குடும்பத்து ஹக்கீம் அப்துல் ஹமீது உருவாக்கிய ஜாமியா ஹம்தர்த், மத்திய அரசின் தேசியத் தரவரிசையில் பார்மசிப் பிரிவில் பல முறை முதலிடம் பெற்றது. சாந்தினி சவுக்கின் பாகீரத் பேலஸில் வட இந்தியாவின் மிகப் பெரிய மருந்து மொத்தச் சந்தைகளில் ஒன்று. எய்ம்ஸை ஒட்டிய யூசுஃப் சராயில் மருந்துக் கடைகளின் வரிசை. சட்டம் எழுதுவோர், பாடம் நடத்துவோர், மருந்து விற்போர், மருந்தைச் சோதிப்போர் என எல்லோரும் ஒரு மெட்ரோ பயணத் தூரத்துக்குள் இருக்கிறார்கள். இங்கேயே சட்டத்துக்கும் கடைக் கவுன்ட்டருக்கும் இடையே இடைவெளி இருந்தால், சின்ன ஊர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து கலந்தோ எடுத்தோ கொடுக்கக் கூடாது என்கிறது 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம், 42-ஆவது பிரிவு. சீட்டு மருந்துகளைப் பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும் என்கின்றன 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள். நடைமுறையில் இந்த நேரடி மேற்பார்வை, கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழாகச் சுருங்கிப் போயிருக்கிறது. சான்றிதழுக்குச் சொந்தக்காரர் வேறெங்கோ வேலை பார்ப்பார், அல்லது மேற்படிப்புப் படித்துக்கொண்டிருப்பார். அவர் பெயருக்கு மாதாமாதம் ஒரு தொகை போய்ச் சேரும். ‘சர்டிபிகேட்டை வாடகைக்கு விடுவது’ என்று இந்தத் தொழிலில் உள்ளவர்கள் கூச்சமில்லாமல் சொல்வது இதைத்தான். பீகாரில் போலி மருந்தாளுநர்கள் பற்றிய வழக்கில் 2022 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமல் மருத்துவமனையோ மருந்தகமோ நடப்பது குடிமக்களின் உடல்நலத்தையே பாதிக்கும் என்றது. மாநில அரசும் மாநிலக் கவுன்சிலும் இதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்று கண்டித்தது. அது பீகாருக்கு மட்டும் சொன்ன சொல் என்று எடுத்துக்கொண்டால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம்.

மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுக்க நான்கு வருஷப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரையைப் பார்ப்போம். முடக்குவாதத்துக்கு இதை வாரத்துக்கு ஒரு முறைதான் சாப்பிட வேண்டும். சீட்டைச் சரியாகப் படிக்காமலோ, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலோ கொடுத்து, நோயாளி அதைத் தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்தும், உயிரும் போகலாம். உலகெங்கும் மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் தவறு இது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடும் ஒருவர் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டால், கடைப் பையன் எடுத்துக் கொடுத்துவிடுவான். மருந்தாளுநர் நிறுத்திக் கேட்பார், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம் என்று அவர் படித்திருக்கிறார். ஆன்டிபயாடிக்குகளைக் கட்டுக்குள் கொண்டுவர 2014 முதல் அமலில் இருக்கும் எச்1 அட்டவணையின்படி, வாங்கியவர் பெயரையும் எழுதிய டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டுக்குப் பொருள் கிடைக்க வேண்டுமானால் அதை எழுதுபவருக்கு ஏன் எழுதுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்று நாள் மட்டும் சாப்பிட்டு நிறுத்திய ஆன்டிபயாடிக், அடுத்த முறை அந்த உடம்பில் வேலை செய்யாமல் போகும் அபாயத்தை ஒரு நிமிஷத்தில் விளக்கிச் சொல்லக்கூடியவர் கவுன்ட்டருக்குப் பின்னால் வேண்டும்.

ஆலைப் பக்கம் இந்த வெற்றிடம் இன்னும் கொடூரமானது. 1972-இல் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த சிரப்பால் குழந்தைகள் இறந்தார்கள். 1998-இல் அதே நஞ்சு கலந்த இருமல் மருந்தால் குர்காவ் பகுதியிலிருந்து டெல்லி மருத்துவமனைகளுக்கு வந்த 36 குழந்தைகளில் 33 பேர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 2022-இல், டெல்லியை அடுத்த ஹரியானாவில் தயாரான சிரப்புகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. காம்பியாவில் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரணத்தோடு அவை தொடர்புபடுத்தப்பட்டன, தயாரித்த நிறுவனம் மறுத்தது. 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளைப் பலிகொண்டது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்த மாதிரியில் அந்த நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. ஐம்பது ஆண்டுக்கு மேல் ஒரே நஞ்சு, ஒரே வழி. சிரப்பில் கரைப்பானாகச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்காலை மருந்துத் தரத்தில் வாங்காமல், தொழிற்சாலைத் தரத்தில் மலிவாக வாங்குகிறார்கள், வாங்கியதைச் சோதிக்காமல் தொட்டியில் கொட்டுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்கும் குரோமட்டோகிராஃபி சோதனை பி.பார்ம் பாடத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு சிறு ஆலையிலும் சோதனை செய்யத் தெரிந்த, ‘இந்த டிரம்மைத் திருப்பி அனுப்புங்கள்’ என்று சொல்ல அதிகாரமும் உள்ள ஒரு பட்டதாரி இருந்திருந்தால் இந்தப் பட்டியல் இவ்வளவு நீண்டிருக்காது.

அந்தப் பட்டதாரிக்குப் பின்னால் இன்னொரு ஆளும் வேண்டும், அவர்தான் மருந்து ஆய்வாளர். 50 ஆலைகளுக்கு ஒருவர், 200 மருந்துக் கடைகளுக்கு ஒருவர் என்று மத்திய அரசு அமைத்த மஷேல்கர் குழு 2003-இலேயே பரிந்துரைத்தது. இந்த விகிதத்தை எட்ட எந்த மாநிலம் எத்தனை பேரை எடுக்க வேண்டியிருக்கிறது என்று கணக்குப் போட்டால், பார்மசி பட்டதாரிகளுக்கு வேலை இல்லை என்ற பேச்சின் இன்னொரு முகம் தெரியும். மருந்து ஆய்வாளர் பணிக்கு முதன்மைத் தகுதியே பார்மசி பட்டம்தான். மத்திய அமைப்பில் இந்தப் பணிக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 47,600 ரூபாய். சிஜிஹெச்எஸ் போன்ற மத்திய மருந்தகங்களின் மருந்தாளுநருக்கு 29,200. பணியிடம் உருவாக்குவது அரசுக்குச் செலவு என்பார்கள். ஒரு நச்சு சிரப் வெளியே போன பிறகு நடக்கும் விசாரணை, இழப்பீடு, ஏற்றுமதிச் சந்தையில் விழும் அவப்பெயர் இவற்றோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை. 2024-25 நிதியாண்டில் 30 பில்லியன் டாலருக்கு மேல் மருந்து ஏற்றுமதி செய்த நாடு, தரம் பார்க்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை என்று சொல்ல முடியாது.

மருந்தாளுநர் இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024 மார்ச்சில் டெல்லி காவல்துறை பிடித்த கும்பல், விலை உயர்ந்த புற்றுநோய் ஊசி மருந்துகளின் காலிக் குப்பிகளை வாங்கி, அவற்றில் பூஞ்சைத் தொற்றுக்கான மலிவு மருந்தை நிரப்பி விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டது. கைதானவர்களில் மருத்துவமனையில் வேலை பார்த்த மருந்தாளுநர்களும் இருந்தார்கள். படிப்பு நேர்மையைத் தந்துவிடாது என்பதற்கு இது சான்று, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குற்றத்தின் தொடக்கம் காலிக் குப்பிதான். பயன்படுத்திய குப்பியை எண்ணி, லேபிளைக் கிழித்து, பதிவேட்டில் எழுதி அழிக்கும் நடைமுறை இருக்கிற இடத்தில், ஒருவர் தவறினாலும் அடுத்தவர் கண்ணில் படும். மருந்தாளுநரை மூலையில் உட்காரவைத்து, கணக்கு கேட்காமல், குறைந்த சம்பளத்தில் விட்டுவைக்கும் மருத்துவமனையில் அந்த இரண்டாவது கண் இல்லை. பொறுப்பும் பதில் சொல்லும் கடமையும் உள்ள தொழிலாக இதை ஆக்கினால்தான் தவறு செய்பவரின் பதிவை ரத்து செய்வதற்கும் அர்த்தம் இருக்கும். சுவரில் தொங்கும் சான்றிதழுக்கு இழக்க எதுவும் கிடையாது.

கல்லூரிகளின் பெருக்கத்தைப் பற்றிய புகாருக்கு வருவோம். அளவுக்கு மீறிக் கல்லூரிகள் வந்துவிட்டன என்று பார்மசி கவுன்சிலே ஒப்புக்கொண்டு, 2020-21 முதல் ஐந்தாண்டுகளுக்குப் புதிய பி.பார்ம், டி.பார்ம் கல்லூரிகள் கூடாது என்று 2019-இல் தடை போட்டது. கல்லூரி நடத்த விரும்பியவர்கள் டெல்லி உள்ளிட்ட உயர் நீதிமன்றங்களில் வென்றார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லாது என்றது. தொழில் நடத்தும் அடிப்படை உரிமையை நிர்வாக உத்தரவால் கட்டுப்படுத்த முடியாது, சட்டம் வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். கதவு மறுபடி திறந்தது. அனுமதி வழங்கியதில் லஞ்சம் என்ற குற்றச்சாட்டில் கவுன்சிலின் தலைவர் மீதே 2025-இல் சிபிஐ வழக்குப் பதிந்தது. அந்த வழக்கின் முடிவு நீதிமன்றத்தின் கையில். ஆனால் கல்லூரிகளைக் குறைத்தாலே பட்டதாரிகளின் மதிப்பு உயர்ந்துவிடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. சான்றிதழை வாடகைக்கு விட முடிகிறவரை, பட்டதாரிகள் குறைந்தால் உயரப்போவது அந்த வாடகைதான். கடையில் ஆள் நிற்கப்போவதில்லை. எண்ணிக்கையை விட்டுவிட்டு, படிப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

உள்ளே பார்த்தால் ஒரு வினோதம் கண்ணில் படும். இரண்டு வருஷ டி.பார்ம் படிப்பவர் மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ 500 மணி நேரம் பயிற்சி பெற்றாக வேண்டும். நான்கு வருஷ பி.பார்ம் மாணவருக்கு ஆறாவது செமஸ்டருக்குப் பின் ஆலையிலோ மருத்துவமனையிலோ 150 மணி நேரம் போதும் என்கிறது பாடத்திட்டம். ஏறக்குறைய நான்கு வாரம். அதுவும் பல இடங்களில் கையெழுத்து வாங்கும் சடங்காக முடிந்துவிடுகிறது. ஆலைக்குப் போகும் பட்டதாரிக்கு ஆலை தெரியவில்லை, மருத்துவமனைக்குப் போகிறவருக்கு வார்டு தெரியவில்லை. இதைச் சரிசெய்யத்தான் 2008-இல் பார்ம் டி வந்தது. ஐந்து வருஷம் படிப்பு, ஒரு வருஷம் மருத்துவமனையில் பயிற்சி. டாக்டரோடு வார்டில் சுற்றி, நோயாளியின் மருந்துப் பட்டியலைச் சரிபார்க்கும் கிளினிக்கல் மருந்தாளுநரை உருவாக்குவது அதன் நோக்கம். நோக்கம் நல்லது. ஆறு வருஷம் படித்து வெளியே வந்தவருக்கு அரசு மருத்துவமனைகளில் அப்படியொரு பணியிடம் பெரும்பாலும் இல்லை என்பதுதான் வேதனை. படிப்பை உருவாக்கிய அரசு பதவியை உருவாக்கவில்லை. இந்தத் துறையில் நடந்த அநீதிகளில் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுவது இதுதான், ஏனென்றால் இதில் ஏமாற்றப்பட்டவர்கள் நன்றாகப் படித்த பிள்ளைகள்.

கடைக்காரர்கள் தரப்பையும் கேட்க வேண்டும். விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளில் சில்லறைக் கடைக்கு 16 சதவீத லாபம்தான் அனுமதி. தெருமுனைக் கடை எப்படி முழுநேர மருந்தாளுநருக்குச் சம்பளம் கொடுக்கும் என்று கேட்கிறார்கள். இதற்கு ஒரு பதில், மருந்தாளுநரே கடைக்கு உரிமையாளர் ஆவது. ஜெர்மனியில் மருந்தாளுநர் தவிர வேறு யாரும் மருந்துக் கடை நடத்த முடியாது, ஒருவருக்கு ஒரு கடையும் மூன்று கிளைகளும்தான். இந்தியாவில் அப்படி ஒரே நாளில் மாற்ற முடியாது என்பது உண்மை. ஆனால் அந்தத் திசையில் சில அடிகள் ஏற்கெனவே எடுத்து வைத்தாயிற்று. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 1,000 இடங்களில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் பி.பார்ம், டி.பார்ம் முடித்தவர்களைக் கடை நடத்த அழைக்கின்றன. தமிழ்நாட்டில் தனிநபர் தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் மானியமும் உண்டு. சான்றிதழை வாடகைக்கு விடுகிறவர் தன் பெயரில் தானே கடை நடத்த வழி இருந்தால், அதை விட்டு வாடகைக்குப் போக மாட்டார். சம்பளக் கேள்வியும் அங்கே எழாது.

ஆன்லைன் மருந்து விற்பனை வந்துவிட்டது, பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது, இனி கவுன்ட்டரே எதற்கு என்பது இன்னொரு ஆட்சேபம். உரிமம் இல்லாத ஆன்லைன் விற்பனையை டெல்லி உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் தடை செய்தது. அதே ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகள் வரைவாகவே ஆண்டுகளைக் கழித்தன. கடை கிடங்காக மாறலாம், ஆனால் சீட்டைப் படித்து, இரண்டு மருந்துகள் மோதுகின்றனவா என்று பார்த்து, பொட்டலத்தை அனுப்பவோ நிறுத்தவோ முடிவெடுக்கும் வேலை அங்கேயும் இருக்கிறது. கணினி எச்சரிக்கும். எச்சரிக்கையை எப்போது பொருட்படுத்த வேண்டும் என்று தெரிந்த ஆள் இல்லாவிட்டால், அவசரத்தில் அதைத் தட்டிவிட்டுப் போவார்கள். இங்கிலாந்து எதிர்த் திசையில் போயிருக்கிறது. 2024 ஜனவரி இறுதியிலிருந்து அங்கே தொண்டைவலி, காதுவலி, பெண்களின் சிறுநீர்த் தொற்று உள்ளிட்ட ஏழு நோய்களுக்கு டாக்டரிடம் போகாமலே மருந்தாளுநர் சிகிச்சை தரலாம். இணையம் இங்கிலாந்திலும் இருக்கிறது.

சரி, இன்று பன்னிரண்டாவது முடித்த பிள்ளைக்கு என்ன சொல்வது? பார்மசி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மெடிக்கல் ஷாப்பைக் கடைசிப் புகலிடமாக நினைத்து மட்டும் சேர வேண்டாம் என்பேன். இன்றைய நிலையில் படிப்புக்கு மரியாதை கிடைக்கும் இடங்கள் தரக் கட்டுப்பாடு, மருந்து அனுமதி ஆவணப் பணி, பக்கவிளைவுகளைப் பதிந்து ஆராயும் மருந்துக் கண்காணிப்பு, மருத்துவ ஆய்வு ஆகியவைதான். 2010-இல் எய்ம்ஸில் தொடங்கி அடுத்த ஆண்டு காஸியாபாத்துக்கு மாறிய தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டமும், உலக நிறுவனங்களுக்காக அதே வேலையைச் செய்யும் அலுவலகங்களும் பி.பார்ம், பார்ம் டி படித்தவர்களை எடுக்கின்றன. மேற்படிப்பான எம்.பார்முக்கு ஜிபேட் நுழைவுத் தேர்வில் தேறினால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. மொகாலி, ஹைதராபாத் போன்ற இடங்களில் நைபர் எனும் தேசிய மருந்துக் கல்வி நிறுவனங்கள் உள்ளன. மதுரைக்கு ஒன்று வேண்டும் என்று தென் தமிழகம் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அமெரிக்கா போகும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான அங்குள்ள தேர்வுக்கு ஐந்து வருஷப் பாடத்திட்டம் கட்டாயம், நான்கு வருஷ பி.பார்ம் அதற்குப் போதாது, பார்ம் டி போதும். டெல்லித் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. டிபிஎஸ்ஆர்யுவில் 85 சதவீத இடங்கள் டெல்லி மாணவர்களுக்கே. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் படித்து வருகிற நம் பிள்ளைகளும் அதில் அடக்கம். எந்த ஊர்க் கல்லூரியில் சேர்த்தாலும், கேட்க வேண்டியது பயிற்சியைப் பற்றி: அந்த 150 மணி நேரத்தை மாணவர்கள் எந்த ஆலையில், எந்த மருத்துவமனையில் செலவிட்டார்கள் என்று பெயரோடு சொல்லச் சொல்லுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது வேறு. அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வைத்து மொத்தமாகக் கொள்முதல் செய்யும் கொள்கையை 1994-இல் வகுத்து, டெல்லி மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியானது. அதே டெல்லி இன்னொன்றையும் முதலில் செய்து காட்டலாம். டெல்லி பார்மசி கவுன்சிலின் பதிவேட்டில் ஒவ்வொரு மருந்தாளுநருக்கும் ஒரு எண் உண்டு. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமப் பதிவேட்டில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு மருந்தாளுநர் பெயர் உண்டு. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் அதே ஆள் எந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறார் என்ற விவரம் உண்டு. மூன்றையும் ஒப்பிட்டால், குருகிராமில் முழுநேர வேலையில் இருந்துகொண்டே யமுனா விஹார் கடையில் பெயர் வைத்திருப்பவர் தெரிந்துவிடுவார். அந்தக் கடைக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்து, உண்மையான மருந்தாளுநரை அமர்த்தினால்தான் உரிமம் நீடிக்கும் என்று சொல்லலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.